பாலனைக் காணவில்லை

அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் பிலோமினா அக்கா உள்ளே வந்தார். கையில் அதிரசத் தட்டு, தட்டின் மேல் பூவேலை செய்த துணி. முகத்தில், துக்க வீடுகளுக்கென்று அவர் தனியாக எடுத்து வைத்திருந்த முகம்.

நான் கையை வெளியே எடுக்கவில்லை. அக்கா தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, என் தோளில் கை வைத்துச் சொன்னார்:

"இயேசு எங்கயும் போயிடல டீச்சர். இதே வீட்டுலதான் இருக்கார். நீங்க தேடணும், அவ்வளவுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த ரூம்ல அக்கா?" என்று கேட்டேன்.

அக்கா கையைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார். துக்கத்தில் டீச்சருக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிற செய்தி அன்று விளக்கு வைப்பதற்குள் சாந்தோம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பங்குக் கோவில் ஒலிபெருக்கிகூட அவ்வளவு தூரம் கேட்காது.

அன்று டிசம்பர் இருபத்துநான்கு, மத்தியானம். என் கணவர் சவரிமுத்து இறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. எழுபதுகளின் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் நன்றாகவே நினைவிருக்கிறது, சொல்ல மாட்டேன். என் வயதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழைய மாணவிகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

நான் தேடிக்கொண்டிருந்தது சேசு பாலனை, அதாவது குழந்தை இயேசுவைத்தான். பக்தியில் அல்ல. உள்ளங்கையில் அடங்குகிற மண் பொம்மை அது. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் தீவனத் தொட்டியில் படுக்க வேண்டிய குழந்தை.

வீட்டில் ஒரே குழந்தை

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் குடிலை முன்னாலேயே வைத்துவிடுவோம். மாதா, சூசையப்பர், மாடு, கழுதை, இடையர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். தொட்டி மட்டும் காலியாக இருக்கும். திருநாள் வந்த பிறகுதான் பாலனைக் கிடத்துவோம். பிறக்காத குழந்தையைத் தொட்டிலில் போடக் கூடாது அல்லவா? அதுவரை மற்ற வீடுகளில் பாலன் அலமாரியில் இருப்பார். எங்கள் வீட்டில் மட்டும் அவர் தலைமறைவு.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் ஆரம்பித்த பழக்கம் இது. அந்த வருடம் எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்திருக்க வேண்டும். பிறக்கவில்லை. இனிமேலும் பிறக்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் குடில் பக்கமே போகவில்லை. காலித் தொட்டியைப் பார்க்கப் பிடிக்கவில்லை, நிறைந்த தொட்டியைப் பார்க்க அதைவிடப் பிடிக்கவில்லை.

இவர், என் கணவர், ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் என் முன்னால் வந்து நின்று, "டீச்சர், குழந்தையைக் காணோம். தேடிக் குடு" என்றார்.

எரிச்சலோடுதான் எழுந்தேன். பீரோ, பெட்டி, கட்டிலடி என்று தேடிக் கடைசியில் தையல் மிஷின் டிராயரில், பாபின்களுக்கு நடுவில் கண்டுபிடித்தேன். கையில் எடுத்ததும் நான் அழுதேன். இவரும் அழுதார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தொட்டியில் கிடத்தினோம்.

அது எங்கள் வீட்டுச் சம்பிரதாயம் ஆகிவிட்டது. ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைக் கலைத்ததும் இவர் பாலனை எங்காவது ஒளித்து வைப்பார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சாயங்காலத்துக்குள் நான் கண்டுபிடிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் வரும் திருவருகைக்கால முதல் ஞாயிறன்று ஒரே ஒரு துப்புக் கொடுப்பார். அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர், மூலை முடுக்கெல்லாம் அத்துப்படி. குடையின் மடிப்பில், சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்துக்குப் பின்னால், ஒரு வருடம் ரேடியோவின் முதுகுக்குள். அந்த வருடம் வால்வு சூட்டில் பாலனின் வலது கால் பழுப்பேறிவிட்டது. இவர் சாயம் பூச வந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். பிள்ளை என்றால் காலில் ஒரு தழும்பாவது இருக்கும்.

செட்டியார் போட்ட வேஷம்

எங்கள் குடிலைப் பற்றிப் பங்குக் கோவில் ஜனங்களிடம் நல்ல அபிப்பிராயம் கிடையாது. காரணம், அதில் ஒரு செட்டியார் இருந்தார்.

நாங்கள் வாங்கிய குடில் செட்டில் சத்திரக்காரர் பொம்மை இல்லை. நிறைமாதக் கர்ப்பிணியைப் பார்த்து "இடமில்லை, போ" என்று சொன்ன ஆள் இல்லாமல் கிறிஸ்துமஸ் கதை எப்படி நடக்கும் என்று இவருக்குப் பெரிய மனக்குறை. பக்கத்து வீட்டுக் கோமதி மாமியின் கொலுவில், தொந்தி சரியக் கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையையும் அவர் சம்சாரத்தையும் பார்த்ததும் அந்தக் குறை தீர்ந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான். டிசம்பரில் செட்டியார் தம்பதி மதில் தாண்டி எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஜனவரியில், இவர் கையால் புதுச் சாயம் பூசிக்கொண்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பிப் போவார்கள். மாமிக்கும் லாபம், எங்களுக்கும் லாபம்.

செட்டியார் சூசையப்பரைவிட இரண்டு மடங்கு உயரம். அவர் கடையில் இருந்த மிளகாய் ஒவ்வொன்றும் எங்கள் ஆட்டுக்குட்டியின் தலை அளவு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஞானப்பிரகாசம் சார் ஒரு முறை குடில் பார்க்க வந்துவிட்டுப் பதறிப்போனார்.

"பெத்லகேம்ல ஏதுய்யா மளிகைக் கடை?"

"ஊருன்னு இருந்தா மளிகைக் கடை இருக்காதா சார்?" என்றார் இவர்.

சார் மிளகாயையும் ஆட்டுக்குட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

செட்டியார் உபகாரத்துக்குப் பதிலாக நவராத்திரிக்கு நான் தவறாமல் மாமி வீட்டுக்குப் போய்விடுவேன். இவர் இறந்த வருடமும் போனேன். மாமி பாடினார், நான் பொறுத்துக்கொண்டேன், கடலைச் சுண்டல் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார்: "என்ன டீச்சர், கொலுவுல எல்லாரையும் பார்த்தியா?"

"பார்த்தேன். எல்லாம் போன வருஷத்து ஆளுங்கதான்" என்றேன். இவர் இருமல் வரும்வரை சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று நான் கேட்கவில்லை. இவர் காரணமில்லாமல் சிரிக்கிற ரகம்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

நவம்பரில், கல்லறைத் திருநாளுக்காக இவர் தன் அப்பாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றவர், தலை சுற்றுகிறது என்று நடைபாதையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்துமூன்று வயது. அவர் அடித்த சுண்ணாம்பு வெளுப்பு மாறுவதற்குள் பக்கத்திலேயே அவருக்கும் குழி வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஆறுதல் வர ஆரம்பித்தது. வெள்ளத்துக்குக்கூட அணை போடலாம். ஆறுதலுக்கு முடியாது.

"ஆண்டவர் தன் தோட்டத்துல நல்ல பூவைத்தான் முதல்ல பறிப்பார்" என்றார் பிலோமினா அக்கா. அவர் மாதா சபைத் தலைவி, துக்கம் விசாரிப்பதில் இருபது வருட அனுபவம். மூக்குக்கண்ணாடியும் சின்னத் தொந்தியும் உள்ள பூவை ஆண்டவர் எந்த ஜாடியில் வைப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு அப்போதே அறுபத்தைந்து. அவரை ஏன் இன்னும் பறிக்கவில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஞானப்பிரகாசம் சார் யோபுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். யோபு எல்லாவற்றையும் இழந்தான், பொறுமையாக இருந்தான், கடைசியில் இரட்டிப்பாகப் பெற்றான் என்று விளக்கினார்.

"அப்ப எனக்கு ரெண்டு சவரிமுத்து கிடைப்பாங்களா சார்?" என்று கேட்டேன்.

சார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அது பால் இல்லாத காபி என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். விடிகாலையில் கார்டை எடுத்துக்கொண்டு பால் பூத்துக்குப் போய் வரிசையில் நின்று பாட்டில் வாங்கி வருவது இவருடைய வேலை. இவர் போன பிறகு அந்தக் கார்டு ஆணியிலேயே தொங்கியது. நான் அதைத் தொடவில்லை. வருகிறவர்களுக்கும் வரக்காபிதான்.

இன்னும் சிலர், "ஒரு பிள்ளையாவது இருந்திருந்தா…" என்று ஆரம்பிப்பார்கள். அந்த வாக்கியத்தை யாரும் முடித்ததே இல்லை. நாக்கில் வைத்து ருசி பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கத் துக்க வருடத்துச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நட்சத்திரம் கட்டக் கூடாது. குடில் வைக்கக் கூடாது. பலகாரம் சுடக் கூடாது. ஆனால் மற்ற வீடுகளிலிருந்து நமக்குப் பலகாரம் வரும். அதைத் தடுக்கச் சட்டமில்லை. அதிரசம், கல்கல், அச்சு முறுக்கு என்று பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டுகள் வரிசையாக வந்து இறங்கின. ஒண்டிக்கட்டையாக இருந்த எனக்கு ஒரு கல்யாணப் பந்திக்கு ஆகிற பலகாரம்.

கேரல் பாடகர்கள் டிரம்மும் ஹார்மோனியமுமாகத் தெரு முழுக்க அமர்க்களம் செய்துகொண்டு வந்தார்கள். எங்கள் வாசல் வந்ததும் டிரம்மை நிறுத்திவிட்டு, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நுனிக்காலில் நடந்து, அடுத்த வீட்டு வாசலில் போய் மறுபடி முழங்கினார்கள். அடுத்த வீட்டில் பாடினால் எனக்குக் கேட்காது என்று நினைத்தார்கள் போலும். இழந்தது புருஷனை, காதை அல்ல.

உண்மையைச் சொன்னால் அந்தச் சட்டங்கள் எனக்குச் சௌகரியமாகவே இருந்தன. எனக்கும் கடவுளுக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. பூசைக்குப் போனேன். பிடிக்காத உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குத் தலைகாட்டிவிட்டு வருவதுபோல் போய் வந்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளையும் இல்லை என்றாய், சரி என்றேன். இருந்த ஒருத்தரையும் பஸ் ஸ்டாப்பில் வைத்துப் பிடுங்கிக்கொண்டாய். இனி என் வீட்டில் உனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

துப்பு இல்லாத வருடம்

இனி எதற்கு என்று, குடில் செட்டை யாராவது பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கொடுத்துவிடலாமென டிசம்பர் நடுவில் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மாதா இருந்தார், சூசையப்பர் இருந்தார், கழுதை இருந்தது. தொட்டி காலி.

அப்போதுதான் உறைத்தது. ஜனவரியில் இவர் ஒளித்து வைத்துவிட்டார். துப்புச் சொல்ல வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே போய்விட்டார்.

பெட்டியை மூட என்னால் முடியவில்லை. பாலன் வேண்டும் என்று அல்ல. இவர் எனக்காகச் செய்துவிட்டுப் போன கடைசிக் குறும்பு அது. இந்த வீட்டில் எங்கோ, இவர் கைபட்ட இடத்தில், என்னை நினைத்துச் சிரித்துக்கொண்டே வைத்த இடத்தில் அது இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காவிட்டால் எங்கள் பன்னிரண்டு வருட விளையாட்டு பாதியில் நின்றுவிடும். கண்டுபிடித்துக் கொடுக்கச் சொல்லி இன்னொரு வருடம் வரப்போவதில்லை.

குடையைப் பிரித்தேன். ரேடியோவைக் கழற்றினேன். இவர் சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகத் துழாவினேன். ஒரு பையில் லஸ் வரை வந்த பஸ் டிக்கெட் இருந்தது, அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன். பாத்திரம் தேய்க்க வரும் கன்னிம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் தேடிக்கினே கீற?"

"ஒரு பொம்மை கன்னிம்மா. சார் எங்கயோ வச்சுட்டுப் போயிட்டார்."

"அவராண்டயே கேளு. கனவுல வந்து சொல்லுவாரு."

"அவர் என் கனவுல வர்றதே இல்ல."

கன்னிம்மா கரிக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். "வர்லன்னா நல்லதும்மா. சொல்ல வேண்டியத சொல்லாம போனவங்கதான் வந்து நிப்பாங்க. சாரு யாராண்டயோ சொல்லிட்டுத்தான் போய்க்கீறாரு. நீ வேணா பாரு."

நான் படித்தவள், கணக்கு டீச்சர். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கன்னிம்மா மேஜையிலிருந்த தட்டுகளைப் பார்த்தாள். "எழவு வூட்ல இம்மாம் அதிரசமா? எங்க பக்கம் கண்ணாலத்துக்கே இத்தினி சுட மாட்டாங்க" என்று அலுத்துக்கொண்டே முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அந்த மாதம் வந்த ஆட்களில் எனக்கு உருப்படியாக உதவி செய்தவள் அவள்தான்.

இருபத்துநான்காம் தேதி மத்தியானம் அரிசி டின் ஒன்றுதான் பாக்கி. அதிலும் இல்லை. பிலோமினா அக்கா என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டிக்கொண்டு போனதும் டிரங்குப் பெட்டியைக் கட்டிலடியில் தள்ளினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. ஆட்ட விதிப்படி நான் தோற்றுவிட்டேன். ஜெயித்தவர் வந்து எடுத்துக் காட்ட வேண்டும். அவர் கல்லறையில் இருந்தார்.

பின்பூசை

நடுநிசி ராப்பூசைக்குப் போகவில்லை. பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வெள்ளைப் புடவையாக நிற்க மனமில்லை. காலை எட்டு மணிப் பின்பூசைக்குப் போனேன். கிறிஸ்துமஸ் அன்று அது ஏழைப் பூசை. பெரிய வீட்டுச் சமையல்காரர்கள், டியூட்டி முடிந்த நர்சுகள், கைக்குழந்தைக்காரிகள், ராத்திரி தூங்கிவிட்டவர்கள் வருவார்கள். பாடகர் குழு கிடையாது. சாமியாருக்கும் தொண்டை கட்டிப்போயிருந்தது. பிரசங்கத்தில், "இன்று யாரும் அழக் கூடாது" என்று கட்டைக் குரலில் உத்தரவு போட்டார். எதிர் வரிசையில் ஒரு கைக்குழந்தை உடனே வீறிட்டு அழுதது. அந்தக் குழந்தையை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பூசை முடிந்து கோவில் குடில் முன்னால் நின்றேன். பெரிய பாலன், கன்னத்தில் ரோஸ் சாயம், தலைக்கு மேல் சீரியல் பல்பு. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு கடவுளிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினேன்.

"எல்லா வீட்டுக்கும் வழி தெரியுது. எங்க வீட்டுக்கு மட்டும் தெரியலையா?"

ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது. சண்டைதான்.

மாமி கொண்டுவந்த தட்டு

வீட்டுக்கு வந்தால் வாசலில் கோமதி மாமி நின்றுகொண்டிருந்தார். ஈரத் தலையில் துண்டு முடிச்சு, கையில் பித்தளைத் தாம்பாளம், அதன் மேல் ஒரு துணி. இவர் இறந்த வாரம் ஒரு தடவை துக்கம் கேட்க வந்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு மதில் பக்கம் தலை காட்டியதோடு சரி.

"டீச்சர், நீங்க என்னைக் கோவிச்சுக்கப்படாது" என்றார்.

"மாமி, இந்த வருஷம் குடில் இல்ல. செட்டியார் வேண்டாம்."

"தெரியும். பிலோமினாம்மா சொன்னா. ஆனா நான் செட்டியாருக்காக வரலை." துணியை எடுத்தார்.

தாம்பாளத்தில் செட்டியார் தொந்தியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம். இருவருக்கும் நடுவில் ஒரு வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தில், பட்டுத் துண்டு விரித்து, எங்கள் வீட்டுப் பாலன். நெற்றியில் சந்தனக் கீற்று. கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு. வலது கால் பழுப்பு, எங்கள் ரேடியோ சுட்ட கால்.

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமியும் தாம்பாளத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். மடி, ஆசாரம் எதையும் பார்க்கவில்லை.

"ஜனவரில செட்டியாரைத் துணி சுத்திக் குடுத்தாரோல்லியோ, நான் அப்படியே பரண்ல ஏத்திட்டேன். நவராத்திரிக்குப் பிரிச்சா, செட்டியார் மடியில இவன் சிரிச்சிண்டு கிடக்கான்! பதறிப்போய் மதில்கிட்ட வந்து உங்காத்துக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வாயில விரலை வச்சுண்டு, 'டீச்சர்கிட்ட மூச்சு விடாதீங்க மாமி, இந்தத் தடவை அவளால கண்டுபிடிக்கவே முடியாது, கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலைல நானே வந்து வாங்கிக்கறேன்'னார். கையடிச்சு சத்தியம் வேற வாங்கிண்டார்."

"கொலுவுல வச்சிருந்தீங்களா மாமி?"

"பின்னே? கைக்குழந்தையைத் திரும்பப் பரண்லயா போடுவா? மூணாம் படில, எங்காத்துக் கிருஷ்ணன் பக்கத்துல. நீங்க நேரே பார்த்துண்டு சுண்டல் சாப்பிட்டேள்."

எல்லாம் போன வருஷத்து ஆளுங்கதான் என்று நான் சொன்னதும் இவர் எதற்கு அப்படிச் சிரித்தார் என்று புரிந்தது.

"கொலு முடிஞ்சதும் ஸ்வாமி அலமாரில வச்சேன்" என்றார் மாமி. "தினம் கார்த்தால கிருஷ்ணனுக்கு ஒரு சின்னக் கரண்டி பால் வைப்பேன். ஒரு குழந்தைக்குக் குடுத்துட்டு இன்னொண்ணைப் பார்க்க வச்சா பாவமில்லையோ? இவனுக்கும் ஒரு கரண்டி. இன்னிக்கு வரைக்கும் ஒருநாள்கூடப் பட்டினி போடலை டீச்சர், சத்தியமா."

பாலனின் பட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"அவர் போனதும் கொண்டு வந்து குடுத்துடலாம்னு நாலு தரம் மதில் வரைக்கும் வந்தேன். சத்தியம் பண்ணிட்டேனேன்னு திரும்பிட்டேன். கிறிஸ்துமஸ் அன்னிக்கு வரேன்னார். இன்னிக்குக் கார்த்தாலேர்ந்து வாசலையே பார்த்துண்டு நிக்கறேன், பைத்தியக்காரி மாதிரி. அவர் எங்கேர்ந்து வருவார்? அதான் நானே தூக்கிண்டு வந்துட்டேன்."

நான் அழுதேன். கல்லறையில்கூட அப்படி அழவில்லை. தெருவில் புதுச்சட்டை போட்டவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். என் மடியில் செட்டியார், மாமி மடியில் பாலன். இரண்டு பொம்பளைகள் படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். யாரும் எங்களுக்குப் பூவைப் பற்றியோ யோபுவைப் பற்றியோ சொல்லவில்லை. அதனாலேயே நிம்மதியாக அழ முடிந்தது.

எத்தனையோ வருடமாக எங்கள் குடிலில் "இடமில்லை" என்று சொல்கிற வேஷம் போட்ட செட்டியார்தான் அந்த வருடம் பாலனை மடியில் வைத்திருந்திருக்கிறார். இடமில்லை என்று சொன்னவள் நான். பாலனும் கோபித்துக்கொண்டு தூரமாக எங்கும் போய்விடவில்லை. நான் கதவைச் சாத்திய நாளெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம், கிருஷ்ணனுக்குப் பக்கத்தில், பால் குடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். எனக்குக் கிடைத்த ஆறுதல் இதுதான். இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

பொட்டு

டிரங்குப் பெட்டியை இழுத்து அதன் மேலேயே குடிலை வைத்தேன். நட்சத்திரம் கட்டவில்லை. பாலனைத் தொட்டியில் கிடத்திக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்கா அதிரசத் தட்டைத் திருப்பி வாங்க வந்தார்.

"என்ன டீச்சர் இது, துக்க வருஷத்துல குடிலா?"

"நான் வைக்கல அக்கா. இவரே வந்துட்டார்."

அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "ஐயோ, சேசுவே! பாலனுக்குப் பொட்டு வச்சது யாரு? துடைங்க முதல்ல!"

"பச்சைக் குழந்தை அக்கா. வர்றவங்க கண்ணெல்லாம் ஒரே மாதிரியா இருக்கும்? இருந்துட்டுப் போகட்டும்."

அக்கா தட்டை வாங்கிக்கொண்டு போனார். என் பைத்தியம் முற்றிவிட்டது என்று பங்கில் பேசிக்கொண்டதாகக் கன்னிம்மா பிறகு சொன்னாள். அதில் ஒரு நன்மை, ஆறுதல் சொல்ல வருகிற கூட்டம் அன்றோடு குறைந்தது.

மறுநாள் பொழுது விடிந்தும் விடியாமலும் மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"டீச்சர்! அவனுக்குப் பால் குடுத்தேளா?"

எங்கள் வேதத்தில் அப்படிப் பழக்கம் இல்லை மாமி என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டில் பால் இல்லை என்பதுதான் உண்மையான காரணம். ஒன்றரை மாதமாக இல்லை.

"இதோ மாமி" என்று சொல்லிவிட்டு ஆணியிலிருந்து பால் கார்டை எடுத்தேன். தூசியைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைப் புடவையோடு பூத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். பூத்துக்காரர் கார்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது போன மாசத்துக் கார்டும்மா. சாரு வர்லியா? ஊர்ல இல்லியா?"

ஒன்றரை மாதமாக எத்தனையோ பேர் அவரைப் பற்றி என்னிடம் பேசியிருந்தார்கள். அவர் வரவில்லையா என்று கேட்டவர் பூத்துக்காரர் ஒருவர்தான்.

"சார் இறந்துட்டார்ப்பா. இனிமே நான்தான் வருவேன்."

அவர் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு பாட்டிலை எடுத்து ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்து என் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சினேன். ஒரு சின்னக் கரண்டியில் எடுத்து ஆற வைத்துக் குடிலின் முன்னால் வைத்தேன். இது சரியா தவறா என்று கேட்கிறவர்கள் பிலோமினா அக்காவின் வாரிசுகளிடம் கேட்டுக்கொள்ளலாம். மிச்சப் பாலில் எனக்குக் காபி போட்டு, தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து குடித்தேன். சர்க்கரை போட மறந்துபோயிருந்தேன். பாதி குடித்த பிறகுதான் தெரிந்தது.